அம்மாமாரே!

ரொறன்ரோவில் சீன விவகாரங்களில் வல்ல தமிழர் யார் என்று யாராவது கேட்டால் தாராளமாக என்னைக் காட்டலாம். இது என் தற்பெருமை இல்லை. ஒன்ராறியோ முத்தமிழ் வளர்ச்சிப் பெருமன்றம் என்னை மேடைக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தி, ஒலிவாங்கியில் அறிவித்த செய்தி. நான் அப்போது ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் மிஸ்டர் லோ என்பவரின் சீனச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். எனக்கும் சீனத்துக்கும் இருந்த உறவு அந்தக் கழுவு தொட்டியோடு சரி.

மன்றத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தலைவர் ஸ்ரீதரன், செயலாளர் இக்னேசியஸ், பொருளாளர் எட்வேட். மன்றம் பிறந்த நாளிலிருந்து இந்த மூவரும்தான். மற்றவர்களுக்கும் அவர்கள் குறை வைக்கவில்லை. காப்பாளர், இணைக் காப்பாளர், போஷகர், பெரும் போஷகர் என்று ஆளுக்கொரு பட்டம் கொடுத்திருந்தார்கள். சாதாரண உறுப்பினர் என்று மருந்துக்கும் ஒருவர் இல்லை. அதனால் நான் போய்ச் சேர்ந்தபோது மன்றத்துக்குப் பெரிய ஆறுதல். கைதட்ட ஓர் ஆள் கிடைத்துவிட்டான்.

நான் சேர்ந்தது என் மகள் தனுஷிகாவுக்காக. அவளுக்கு எட்டு வயது. மூன்று வயதில் என்னோடு கனடாவுக்கு வந்தவள். ஒரு பயணத்தில் இரண்டு பேருக்கு மேல் ஏற்ற மாட்டேன் என்று எங்களைக் கனடாவுக்கு அனுப்பிய ஏஜன்ற் சொல்லிவிட்டான். தகப்பனைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி யோகமலர், "நீங்கள் பிள்ளையோட போங்கோ, நான் பின்னால வாறன்" என்றாள். அந்தப் பின்னால் என்பது வருடக்கணக்காக இழுபட்டு, இப்போது கொழும்பில் ஓர் அறையில் விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தது. தனுஷிகாவுக்குத் தாய் என்பது ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசிக்குள்ளிருந்து "சாப்பிட்டியா குஞ்சு?" என்று கேட்கும் ஒரு குரல். பிள்ளை நாலு தமிழ்ப் பெண்களைக் கண்ணால் பார்க்கட்டும், நாலு சொல் கேட்கட்டும் என்றுதான் மன்றத்துக்குக் கூட்டிப் போனேன். பார்த்தாள். கேட்டாள். எல்லாரையும் அன்ரி என்று கூப்பிடப் பழகிக்கொண்டாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறில் நடந்த ஆண்டு விழாவுக்கு மண்டபத்தை இலவசமாகத் தர முன்வந்தவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். வேறொரு சமூகத்தின் பண்பாட்டையும் மேடையில் காட்டவேண்டும். ஸ்ரீதரன் வீட்டுக்குக் கீழே பேஸ்மன்றில் அவசரக் கூட்டம் கூடியது.

"அஜின்கோர்ட்டில தடக்கி விழுந்தால் ஒரு சீனக் கடைக்குள்ளதான் விழவேணும்," என்றார் ஸ்ரீதரன். "ஆனபடியால் சீன நாடகம். இக்னேசியஸ், எழுதும்."

இக்னேசியஸ் எழுதினார். ஒரு சீனச் சக்கரவர்த்தி. அவருக்கு மூன்று இராணிகள். பட்டத்து இளவரசன் ஒருவன். அவனைப் பெற்றவள் யார் என்பது அரண்மனை இரகசியம். மூன்று பேரும் நானே தாய் என்று நிற்கிறார்கள். பொறாமையில் ஒருத்தி அவனுக்கு நஞ்சு வைக்கிறாள். சாகிற நேரத்தில் அவன் உண்மையான தாயைப் பார்த்து "அம்மா" என்கிறான். திரை விழுகிறது. நாடகத்தின் பெயர் 'சீனத்துச் சிம்மாசனம்'.

"உப்பிடிச் சீனாவில நடந்ததோ?" என்று எட்வேட் கேட்டார். எல்லோருடைய கண்ணும் என் பக்கம் திரும்பியது.

"எங்கட கடையில ஒருத்தரும் உதைப்பற்றிக் கதைக்கிறேல்லை," என்றேன்.

"அரண்மனை இரகசியமெல்லோ. எப்பிடிக் கதைப்பினம்?" என்றார் இக்னேசியஸ்.

அது சரியான விளக்கமாக எல்லோருக்கும் பட்டது. அந்த இடத்திலேயே நான் சீன விவகார ஆலோசகரானேன்.

முதலில் சக்கரவர்த்தியைத் தேடினார்கள். மூன்று பெண்சாதிகளோடு மேடையில் நிற்க மூன்று பேருக்கு விருப்பம் இருந்தது. மூன்று பேருடைய வீட்டிலும் அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே நாடகம் தொடங்கும்போதே சக்கரவர்த்தி இறந்துவிட்டார் என்று தீர்மானம் நிறைவேறியது. மிஸ்டர் லோவின் கடையில் சோயா சோஸ் கம்பனி கொடுத்த கலண்டரில் நீண்ட தாடியோடு ஒரு கிழவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவரைக் கத்தரித்துச் சட்டம் போட்டு மாலை சூட்டுவது என்று முடிவாயிற்று.

இராணிகளுக்குத் தட்டுப்பாடு இல்லை. தலைவரின் மனைவி புஸ்பராணி, "என்ர பேரிலேயே ராணி இருக்கு, பட்டத்தரசி நான்தான்" என்றார். செயலாளரின் மனைவி அன்ரனெற், "பிரான்சில ஒரு மகாராணிக்கு என்ர பேர்தான்" என்றார். அந்த மகாராணியின் கழுத்தை வெட்டினார்கள் என்பதைப் பிறகு யாரோ சொல்ல, இரண்டு நாள் கூட்டத்துக்கு வரவில்லை. பொருளாளரின் மனைவி கிளடிஸ் ஒன்றும் பேசவில்லை. தையல் மெசின் அவரிடம்தான் இருந்தது. உடுப்பு வேண்டுமென்றால் அவரும் பட்டத்தரசி.

சிக்கல் எங்கே வந்ததென்றால், இளவரசன் இராணிகளை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்பதில். மூத்தவளைப் பெரியம்மா என்றும் இளையவளைச் சின்னம்மா என்றும் இக்னேசியஸ் எழுதியிருந்தார்.

"ஆர் சின்னம்மா?" என்று அன்ரனெற் எழும்பினார். "சின்னம்மா எண்டால் சனம் என்ன நினைக்கும்? சின்னவீடு எண்டெல்லோ நினைக்கும்? நான் கோயிலில தாலி கட்டினவள்!"

"இது நாடகமப்பா," என்றார் அவருடைய கணவர்.

"நாடகத்திலயும் கோயிலிலதான் கட்டினனான் எண்டு எழுதுங்கோ."

மன்றத்துக்குப் பழகிய வழி ஒன்றுண்டு. சண்டை வந்தால் பதவியைப் பெருக்குவது. புஸ்பராணி பட்டத்தரசி, அன்ரனெற் இணைப் பட்டத்தரசி, கிளடிஸ் சிறப்புப் பட்டத்தரசி. வசனங்களைச் சொல் எண்ணி மூன்றாகப் பிரித்தார்கள். கடைசி வரி பிரிபடாமல் நின்றது. அதை மூவரும் சேர்ந்து சொல்வதென்று ஏற்பாடு.

அடுத்தது நஞ்சு. அதை ஊற்ற ஒருத்தியும் சம்மதிக்கவில்லை. "பிறகு ஆர் என்ர வீட்டில தேத்தண்ணி குடிக்கும்?" என்று கிளடிஸ் கேட்டார். இக்னேசியஸ் யோசித்துவிட்டு, 'அந்தோ! கிண்ணத்தில் நஞ்சு கலக்கப்பட்டிருந்தது' என்று எழுதினார். யார் கலந்தது என்பது தெரியாமலே ஒரு கொலை. இதை விட நல்ல ஏற்பாட்டை எந்த அரண்மனையிலும் காண முடியாது.

கடைசியாக இளவரசன். மூன்று வீட்டிலும் ஆம்பிளைப் பிள்ளைகள் இருந்தார்கள். மூன்று தாய்மாரும் தன் பிள்ளைதான் இளவரசன் என்று அடம்பிடித்தார்கள், கடைசிப் பக்கத்தை வாசிக்கும் வரை.

"என்ர பிள்ளை மேடையில செத்துக் கிடக்கிறதோ? அவனுக்கு அட்டமத்துச் சனி!" என்றார் புஸ்பராணி. மற்ற இருவரும் வேதக்காரர், கிறிஸ்தவர்கள். அவர்களுக்குச் சனி இல்லை, ஆனாலும் பிள்ளைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு ஸ்ரீதரன் என் மகளைப் பார்த்தார்.

"மகேஸ், உம்மட பிள்ளை தாயில்லாத பிள்ளைதானே?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "தாய் இருக்கிறா. கொழும்பில இருக்கிறா," என்றேன்.

"அதைத்தான் சொல்லுறன். இஞ்ச இல்லாத தாய் ஆட்சேபிக்கேலாது. எங்கட மன்ற யாப்புச் சட்டத்தில அதுக்கு இடமில்லை."

நான் மறுத்திருப்பேன். ஆனால் தனுஷிகா என் கையைப் பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தாள். "Please, அப்பா! I get to die!" என்றாள். பள்ளிக்கூட நாடகத்தில் அவளுக்கு மரம் வேடம்தான் கிடைத்தது. இங்கே கதாநாயகன், அதிலும் சாவு. அன்றிலிருந்து அவள் எல்லா இடத்திலும் செத்தாள். லிஃப்டில் செத்தாள். உடுப்புத் தோய்க்கும் இடத்தில், மற்றவர்கள் உடுப்பு மடிக்கும் மேசையில் செத்தாள். மிஸ்டர் லோவின் கடைக்குள் வந்து பெரிய அரிசி மூட்டையின் மேல் அவள் செத்தபோது, அவர் ஓடிவந்து அம்புலன்ஸைக் கூப்பிடப் போனார். சீனர் ஒருவரையே நம்பவைத்துவிட்டாள் என்று கூட்டத்தில் அறிக்கை கொடுத்தேன். மன்றம் கைதட்டியது.

விழாவுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது யோகமலருக்கு விசா கிடைத்தது.

விமான நிலையத்தில் அவளைக் கண்டேன். மெலிந்து, தலைமயிர் முன்பக்கம் நரைத்து, தோளில் ஒரு பையோடு கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பிள்ளையைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். தனுஷிகா நல்ல பிள்ளை. மரியாதை பழகிய பிள்ளை. முன்னுக்குப் போய்க் கையிலிருந்த பூங்கொத்தை நீட்டினாள்.

"வாங்கோ அன்ரி," என்றாள்.

யோகமலர் பூவை வாங்கினாள். "ஓம் பிள்ளை, வந்திட்டன்," என்றாள்.

ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் கேட்ட குரலும் இந்த மெலிந்த பெண்ணும் ஒருவர்தான் என்று பிள்ளைக்குத் தெரியும். ஆனால் வாய் வரவில்லை. நான் ஒருநாள் அவளை இருத்திவைத்துச் சொல்லிக்கொடுக்கப் போனேன். யோகமலர் தடுத்துவிட்டாள்.

"சொல்லிக் குடுக்காதேங்கோ. கேட்டு வாங்கிற சொல்லில்லை அது," என்றாள். சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் நெடுநேரம் பாத்திரம் தேய்த்தாள். அதெல்லாம் நான் முன்னமே கழுவி வைத்த பாத்திரம்.

இன்னொரு பக்கம் எனக்குப் பயம். பிள்ளை மேடையில் நஞ்சு குடித்துச் சாகப்போகிறாள் என்று தெரிந்தால் யோகமலர் விடமாட்டாள். அவள் தடுத்தால் பிள்ளை அவளை அன்ரி என்றும் கூப்பிடாது. ஆகவே, "என்ன வேசம் உங்களுக்கு?" என்று தாய் கேட்டபோது, நாங்கள் இருவரும் "இளவரசன்" என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

இந்தக் கவலையோடு நான் இருக்க, மன்றத்துக்கு வேறொரு கவலை வந்தது. சாகும்போது இளவரசன் யாரைப் பார்த்து "அம்மா" என்பது?

அதற்கு மட்டும் மூன்று கூட்டம் நடந்தது. இக்னேசியஸ் தன் மனைவியைப் பார்க்கவேண்டும் என்று எழுதியிருந்தார். தலைவர் அதைத் தலைவர் பதவிக்கு நேர்ந்த அவமானம் என்றார். கண்ணை மூடிக்கொண்டு சொல்லட்டும் என்றார் எட்வேட். "மூடினாலும் முகம் ஒரு பக்கம் பார்க்குமெல்லோ?" என்று புஸ்பராணி கேட்டார். முகட்டைப் பார்க்கட்டும் என்று ஒருவர் சொன்னார். "முகட்டில ஆர், உம்மட அம்மாவோ?" என்று அன்ரனெற் பாய்ந்தார்.

கூட்டத்துக்கு வெளியே வேலை இன்னும் மும்முரமாக நடந்தது. ஒத்திகை முடிந்து வீட்டுக்கு வரும்போது தனுஷிகாவின் பை நிறையச் சொக்லேட் இருந்தது.

"அப்பா, மூண்டு அன்ரிமாரும் தங்களைத்தான் பாக்கச் சொல்லினம்."

"நீ என்ன சொன்னனி?"

"மூண்டு பேருக்கும் ஓம் எண்டு சொன்னன்."

அரசியலுக்கு வேண்டிய அறிவு பிள்ளைக்கு வந்துவிட்டது. அன்ரனெற்றும் கிளடிஸும் புஸ்பராணிக்கு எதிராக இரகசிய உடன்படிக்கை செய்தார்கள். பட்டத்தரசியின் உடுப்பை மூச்சு விட முடியாத இறுக்கத்தில் கிளடிஸ் தைத்துக் கொடுத்தார். அதே நாளில் புஸ்பராணியிடம் போய், "அன்ரனெற்தான் அளவு சொன்னவ" என்றும் சொல்லிவிட்டு வந்தார்.

முடிவில் ஸ்ரீதரன் எழுந்து ஒரு திருத்தம் கொண்டுவந்தார். இளவரசன் "அம்மா" என்று சொல்லக்கூடாது. "அம்மாமாரே!" என்று சொல்லவேண்டும். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. 'மார்' என்ற விகுதி மரியாதைப் பன்மை என்று இக்னேசியஸ் இலக்கணக் குறிப்பு வழங்கினார்.

"ஆருடைய பிள்ளை எண்டு கடைசியில தெரியவேணுமெல்லோ? அதுதானே கதை?" என்று நான் மெல்லக் கேட்டேன்.

"நீர் சீன விவகாரத்தை மட்டும் பாரும்," என்றார் தலைவர்.

விழா நாள் வந்தது. நாலு மணிக்கு என்று போட்ட விழா, தமிழர் வழக்கப்படி ஆறரைக்குக் குறித்த நேரத்தில் தொடங்கியது. மங்கள விளக்கின் திரிகள் பெரும் போஷகர்களுக்குப் போதாமல், சிலர் ஏற்கெனவே எரிந்த திரிகளை மறுபடி ஏற்றினார்கள். யோகமலர் பழைய உடுப்புக் கடையில் வாங்கிய குளிர் கோட்டைக் கழற்றாமல் நாலாவது வரிசையில் என் பக்கத்தில் இருந்தாள்.

ஸ்ரீதரன் தலைமையுரை ஆற்றினார்.

"அன்பான தமிழ் நெஞ்சங்களே! சீன அரண்மனையிலே போட்டி இருந்தது, பொறாமை இருந்தது, பதவி ஆசை இருந்தது. எங்கள் மன்றத்திலே அவை இல்லை. ஏன் இல்லை? பதவிகள் காலியாக இல்லை. காலியாக இருந்தால்தானே ஆசை வரும்! தேர்தல் வைத்தால் உங்கள் மனங்கள் புண்படும் என்பதால், அந்தப் பாரத்தை நானே சுமந்துகொண்டிருக்கிறேன். உங்களுக்காக இன்னும் சுமப்பேன்."

பிறகுதான் எனக்குப் பொன்னாடை. அதன் பிறகு திரை விலகியது. சோயா சோஸ் சக்கரவர்த்தி மாலையோடு சிரித்தார். முன்வரிசையில் ஒரு முதியவர் எழுந்து அவரைக் கும்பிட்டார்.

மூன்று பட்டத்தரசிகளும் ஒரே நேரத்தில் மேடைக்கு வரவேண்டும் என்பது தீர்மானம். கதவு ஓர் ஆளுக்குத்தான் இடம் கொடுத்தது. ஒருவழியாக வந்து சேர்ந்து, வசனத்தைப் பங்கு பிசகாமல் பேசினார்கள். புஸ்பராணி மூச்சுக்கு இடம் தேடித் தேடிப் பேசியது உருக்கமாக இருந்தது என்று பின்னால் பலர் பாராட்டினார்கள். தனுஷிகா பட்டுச் சட்டையும் கிரீடமுமாக வந்தாள். கிண்ணத்தில் இருந்த கோக்கைக் குடித்தாள். தொண்டையைப் பிடித்தாள். இரண்டு முறை சுழன்று, தொப்பென்று விழுந்தாள். இவ்வளவு நாள் பழகிய சாவு. கொஞ்சம் கூடுதலாகவே நன்றாக வந்துவிட்டது.

மூன்று இராணிகளும் அவள்மேல் விழுந்து ஒப்பாரி வைத்தார்கள். "என்னைப் பார், என்னைப் பார்" என்று ஆளுக்காள் கிசுகிசுத்தது தொங்கிக்கொண்டிருந்த ஒலிவாங்கியில் தெளிவாகக் கேட்டது.

நான் திரும்பிப் பார்த்தேன். பக்கத்துக் கதிரை காலி.

யோகமலர் வந்த ஊரில் யுத்தம்; அங்கே விழுந்த பிள்ளைகள் நடிப்பதில்லை. அது எனக்கு அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. இதைச் சொல்லாமல் விட்ட என்னை நானே அடிக்கவேண்டும் போலிருந்தது. அவள் கோட்டோடு மேடைப் படியில் ஏறிவிட்டாள்.

"என்ர பிள்ளைக்கு என்னத்தையடி குடுத்தனீங்கள்!"

இணைப் பட்டத்தரசி ஒரு பக்கம், சிறப்புப் பட்டத்தரசி மறுபக்கம் சிதறினார்கள். புஸ்பராணி எழும்ப முயன்றார், உடுப்பு விடவில்லை. யோகமலர் பிள்ளையை வாரி மடியில் போட்டுக் கன்னத்தைத் தட்டினாள். "குஞ்சு! கண்ணைத் திற குஞ்சு! ஆரும் தண்ணி கொண்டாங்கோ!"

தனுஷிகா கண்ணைத் திறக்கவில்லை. செத்தவர்கள் திறக்கக் கூடாது என்று இக்னேசியஸ் சொல்லிக்கொடுத்திருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, உதட்டை அசைக்காமல், மெல்லத்தான் சொன்னாள். ஒலிவாங்கி அதை மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

"அம்மா, கத்தாதேங்கோ. நான் செத்திட்டன். நீங்கள் போய் இருங்கோ."

சனம் எழுந்து நின்று கைதட்டியது. யோகமலர் போய் இருக்கவில்லை. அந்த மேடையிலேயே, பிள்ளையை மடியில் வைத்தபடி, வாய்விட்டு அழுதாள்.

ஸ்ரீதரன் ஒரு கையால் திரையை இழுத்துக்கொண்டே மறுகையால் ஒலிவாங்கியைப் பிடித்தார். "நீங்கள் இப்போது கண்டது நவீன நாடக உத்தி! சபையிலிருந்து ஒரு தாய் எழுந்து வருவது என்பது எங்கள் செயற்குழு பல மாதம் சிந்தித்து எடுத்த முடிவு!"

வீட்டுக்கு வந்த பிறகு யோகமலர் என்னைப் பேசவேண்டியதெல்லாம் பேசித் தீர்த்தாள். பேசி முடித்து ஓய்ந்த பிறகு வேறு குரலில் கேட்டாள்.

"அவள் சொன்னது டிராமாவில வாற சொல்லெல்லோ?"

"டிராமாவில 'அம்மாமாரே' எண்டுதான் இருந்தது," என்றேன்.

அவள் நம்பவில்லை. அடுத்த இரண்டு நாளும் பிள்ளை அவளை எந்த முறையும் சொல்லிக் கூப்பிடவில்லை. அன்ரி என்றும் இல்லை, வேறொன்றும் இல்லை. கிட்ட வந்து நின்று கையைச் சுரண்டித்தான் பேசினாள். யோகமலர் அந்தச் சுரண்டலுக்காக அங்குமிங்கும் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்ததை நான் பார்த்தேன். பார்க்கப் பொறுக்கவில்லை.

மன்றத்தில் இதற்குள் பெரும்போர். அந்த "அம்மா" தன்னைப் பார்த்துத்தான் சொல்லப்பட்டது என்று மூன்று இராணிகளும் தனித்தனியே உரிமை கோரினார்கள். விசாரணைக் குழு ஒன்று அமைந்தது. விழாவை வீடியோ எடுத்தவரைக் கூப்பிட்டு, பிள்ளையின் கண் மூடியிருந்த திசையை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் காலை, பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும் அந்தர அவசரத்தில், இக்னேசியஸ் தொலைபேசி எடுத்தார். தீர்மானத்தை அப்படியே வாசித்தார்.

"இளவரசன் பாத்திரம் மரணத் தறுவாயில் உச்சரித்த 'அம்மா' என்னும் சொல், செயற்குழுவின் அங்கீகாரம் பெறாததாலும், மன்ற உறுப்பினரல்லாத ஒருவரை நோக்கிச் சொல்லப்பட்டதாலும், செல்லுபடியாகாது என இப்பெருமன்றம் பிரகடனம் செய்கிறது." பிறகு குரலைத் தாழ்த்தி, "விளங்குதே மகேஸ்? வீடுகளில சமாதானம் வரவேணுமெல்லோ. அந்த அம்மா ரத்து," என்றார்.

நான் பதில் சொல்ல வாயெடுக்கும்போது அறைக்குள்ளிருந்து ஒரு கூக்குரல்.

"அம்மா! என்ர மற்றச் சொக்ஸ் எங்க? பஸ் வரப்போகுது! அம்மா!"

குசினியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்த யோகமலர் மாக் கையோடு ஓடினாள். "கட்டிலுக்குக் கீழ பார் குஞ்சு, இந்தா வாறன்!"

"பின்னால ஆர் மகேஸ், சத்தம் போடுறது?" என்று இக்னேசியஸ் கேட்டார்.

"பிள்ளை தாயைக் கூப்பிடுறாள்," என்றேன். "செயற்குழுவிட்டக் கேக்கேல்லை."

தொலைபேசியை வைத்துவிட்டுச் சொக்ஸ் தேட நானும் போனேன்.